பதினாறுக்கு ஒண்ணு

உக்காருங்க சார். அந்தக் கல்லு சுடும், இந்தப் பக்கம் வாங்க, கொட்டகை நிழல் விழுது. ரேஸ் பாக்க வந்தீங்களா? சும்மாவா? மதுரையில இருந்தா? நல்லது. சும்மா வாரவங்கதான் ஒழுங்காப் பாப்பாங்க. தெரிஞ்சவன் எவனும் பாக்க மாட்டான், கரையில நின்னு வாயாலயே ஓட்டுவான்.

இந்தாங்க, பைனாக்குலர். அந்தா, மஞ்சப் பாய் தெரியுதா? அது என் படகு. என் படகுன்னா நான் வாங்கின படகு, நான் கழுவுத படகு. அது அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன். பின்னால உக்காந்து சுக்கான் பிடிச்சிருக்காளே, அது என் சம்சாரம் எமல்டா. படகு சாயாம இருக்க, பாய்மரத்துல இருந்து வார கம்பியில இடுப்புப் பட்டையக் கொக்கி போட்டு ஓரத்துல வெளிய தொங்குதது பியூலா டீச்சர். எமல்டா ஸ்கூல்ல பி.டி. டீச்சர், பியூலா அதே ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி. கெமிஸ்ட்ரி டீச்சரைக் கடல்ல தொங்கவிட்டா படகு வேகமா ஓடும்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குன்னு நானும் தேடிட்டுத்தான் இருக்கேன்.

இதுவா? இந்த இடுப்புப் பட்டையா? சும்மா போட்டிருக்கேன் சார். வெயில்ல காயப்போட்டா சாயம் வெளுத்துரும். உடம்புல போட்டா வெளுக்காது. கொக்கியும் துருப்பிடிக்காது. அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல.

இன்னைக்கு மூணு ரேஸ். ஒண்ணு முடிஞ்சிட்டு. இது ரெண்டாவது. மூணாவது இது முடிஞ்சு கொஞ்ச நேரத்துல. பியூலா டீச்சருக்குச் சாயங்காலம் நாசரேத்துல ஒரு கல்யாண வீடு, இத முடிச்சதும் கெளம்பிருவா. அப்போ மூணாவதுக்கு ஆள் வேணும்லா? ரெண்டு பேர் இல்லாம இந்தப் படகு ஓடாது. யாரக் கூப்பிடப்போறாளோ, எனக்கு என்ன தெரியும்? கூப்பிட்டா என்ன, கூப்பிடாட்டி என்ன. நான் அதுக்காகவா இங்கன நிக்கேன்? விடிஞ்சதுல இருந்து கடையக்கூடத் தெறக்காம, சும்மா காத்து வாங்கிட்டு நிக்கேன்.

நம்ம பேரு ரெமிஜியஸ். பீச் ரோட்டுல கயித்துக்கடை. தூத்துக்குடியில விசைப்படகோ, வள்ளமோ, தோணியோ, எவனுக்குக் கயிறு வேணும்னாலும் நம்மகிட்டத்தான் வரணும். வராதவனும் இருக்கான், அவன் கயிறு அறுந்தப்புறம் வருவான். ஒரு முடிச்சப் பாத்தா அத எந்த ஊர்க்காரன் போட்டதுன்னு சொல்லிருவேன். இத எதுக்குச் சொல்லுதேன்னா, கயித்தப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க ஆளு வேணும்னா அது ஒரு பி.டி. டீச்சரா இருக்காதுன்னு நான் நெனைச்சிட்டு இருந்தேன்.

இந்தப் படகுக்குப் பேரு காட்டமரான். நம்ம கட்டுமரம்தான் சார். வெள்ளைக்காரன் பேர எடுத்துட்டுப் போயி, மரத்த வீசிட்டு, பைபர்ல ரெண்டு ஒல்லிப் படகு பண்ணி, நடுவுல ஒரு வலைத்துணியக் கட்டி, நமக்கே வித்துட்டான். நாமளும் வரிசையில நின்னு வாங்கிட்டு வந்து, அதுல ஏறத் தெரியாம மண்டைய ஒடச்சிக்கிட்டோம். எமல்டாவ இதுல ஏத்திப் பழக்கினதே நான்தான். அவ ஜில்லா அளவுல நீச்சல்ல மெடல் வாங்கினவ. அது வேற. பழக்கினது நான்.

நல்லாக் கேளுங்க, நம்ம சண்டையே ஒரு கயித்துலதான். பாய்க்கு நிறைய கயிறு உண்டு. பெரிய கயிறு ஒண்ணு, பாய உள்ள இழுக்கவும் வெளிய விடவும். அது போக, பாயோட முன்பக்கத்தக் கீழ இழுக்குத கயிறு ஒண்ணு, பாய்மரத்துக்கு அடியில இருக்கும். காத்து கூடும்போது பாய்க்கு வயிறு வச்சிரும். வயிறு வச்ச பாயி படகச் சாச்சிரும். அப்போ இந்தக் கீழ்க்கயித்த இழுத்தா வயிறு உள்ள போயி பாய் தட்டையாகும், படகு நிமிரும். காத்து கொறைஞ்சா லேசா விட்டுரணும். இழுக்கணும், விடணும். கேக்க லேசுதான்.

போன வருசம் இதே ரேஸ்ல நாங்க மூணாவது வந்தோம். நான் சுக்கான், அவ கம்பியில. வீட்டுக்கு ஸ்கூட்டர்ல போகும்போது பின்னால இருந்து சொல்லுதா: "ஏங்க, அந்தக் கீழ்க்கயிறு கொஞ்சம் கனமா இருக்கு." அவ்வளவுதான் சொன்னா. கூடவே, கம்பியில தொங்கும்போது கைக்கு எட்ட மாட்டேங்குது, குனிஞ்சு குனிஞ்சு எடுக்க வேண்டியிருக்குன்னும் ஏதோ சொன்னா. ஸ்கூட்டர்ல காத்து வேற. அது அவ்வளவு முக்கியமில்ல. கனமா இருக்குன்னா பாருங்க, அதான் முக்கியம். பொண்டாட்டி கனமா இருக்குன்னு சொல்லுதா. கட்டினவன் சும்மா இருப்பானா?

கனத்தக் கொறைக்க வழி என்ன? கப்பி. கிணத்துல தண்ணி இறைச்சிருக்கீங்களா? மேல இருக்க கப்பி வாளிக் கனத்தக் கொறைக்காது, இழுக்க வசதியா இருக்கும், அம்புட்டுதான். அந்தக் கப்பியக் கழத்தி வாளி மேல கட்டுங்க. கயித்தோட ஒரு முனைய மேல முடிஞ்சிட்டு மறு முனைய இழுங்க. பாதிக் கனம்தான். இழுக்குத முனையில இன்னொரு கப்பியக் கட்டுனா, பாதியில பாதி. அதுக்குப் பேரு நாலுக்கு ஒண்ணு. கம்பெனிக்காரன் குடுத்தது அதுதான். நான் ஒண்ணு கூடப் போட்டேன், எட்டுக்கு ஒண்ணு. இன்னும் ஒண்ணு போட்டேன், பதினாறுக்கு ஒண்ணு. நம்ம மச்சாடோ அண்ணன், அந்தா கரையில ஊதுகுழல் வச்சிட்டு நிக்காருல்லா, ரேஸ் நடத்துதவரு, அவரு வந்து பாத்துட்டு, "ஏல ரெமி, கப்பலையால இழுக்கப்போற?"ன்னு கேட்டாரு. பொறாமை சார்.

அந்தா, அந்த மஞ்சப் பாயக் கொஞ்சம் பாருங்க. போயாவச் சுத்தித் திரும்பப் போறா. அந்த ஆரஞ்சு மிதவை. இந்த இடத்துலதான் தடுமாறுவா, பாத்துட்டே இருங்க. நான் இருக்கும்போது நான் சொல்லிச் சொல்லித் திருப்புவேன். இப்போ யாரு சொல்லுவா? கெமிஸ்ட்ரியா சொல்லும்?

திரும்பிட்டாளா? அப்படியா. கடல் இன்னைக்குக் குளம் மாதிரி கெடக்கு, யாரும் திருப்பலாம்.

எங்க விட்டேன்? ஆங், பதினாறுக்கு ஒண்ணு. செஞ்சு முடிச்சதும் வீட்டுக்குக் கொண்டு போயி ஹால்ல பீரோவுல மாட்டிக் காட்டினேன். மறு முனை ஜன்னல் கம்பியில. எமல்டா துணி மடிச்சிட்டு இருந்தா. "இங்க பாரு"ன்னு சொல்லிட்டு சுண்டு விரல்ல கயித்தச் சுத்தி இழுத்தேன். பீரோ நகந்துட்டு சார்! துணி, நகை, அவ அம்மா போட்டோ எல்லாத்தோடயும் ஒரு சாண் நகந்துட்டு. நான் அடுப்படி வாசல்ல நின்னேன். ஒரு சாண் பீரோவுக்கு நான் பதினாறு சாண் இழுக்கணும், அது ஒரு சின்ன விஷயம், கணக்கு அப்படி. அவ பீரோவப் பாத்தா, அடுப்படியில நிக்க என்னப் பாத்தா. "பீரோவுக்கு எங்க போகணுமாம்?"ன்னு கேட்டா. பாராட்டுத முறையப் பாத்தீங்களா?

இன்னொண்ணும் செஞ்சேன். எல்லாப் படகுலயும் ஒரு வழக்கம் உண்டு. இந்தக் கீழ்க்கயித்து முனை ரெண்டு பக்கமும் வரும். ஒரே கயிறு, பாய்மரத்தச் சுத்தி, வலதுபக்கம் ஒரு பல்லு, இடதுபக்கம் ஒரு பல்லு. பல்லுன்னா கயித்தக் கடிச்சு நிப்பாட்டுத சாமான். படகு எந்தப் பக்கம் சாஞ்சாலும், யாரு எங்க இருந்தாலும், கைக்கு எட்டுதவங்க இழுத்துக்கலாம், விட்டுக்கலாம். நல்லாருக்கே, ஒரு கயித்துக்கு ரெண்டு முதலாளியா? என் கடையில ரெண்டு முதலாளி இருந்திருந்தா என்னைக்கோ மூடியிருப்பேன். நான் அந்தச் சுத்தல எல்லாம் எடுத்துட்டு, முனைய நேரா சுக்கான் பக்கம், என் கைக்குக் கொண்டு வந்துட்டேன். அவ பாவம், கம்பியில தொங்குதவ, அவளுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? பெரிய கயித்தையும் நானே வச்சிக்கிட்டேன். எல்லாம் அவ வேலையக் கொறைக்கத்தான். வேற எந்தப் புருசன் செய்வான், சொல்லுங்க?

அவ என்ன சொன்னா தெரியுமா? "அப்போ நான் எதுக்கு வரணும்? ஒரு மண்ணு மூட்டையத் தொங்கவிட்டுக்கிடுங்க"ன்னா. தமாஷா சொல்லுதான்னு நெனைச்சு நான் சிரிச்சேன்.

மக்ரூன் சாப்பிடுங்க சார். எடுத்துக்கோங்க, முந்திரி போட்டது, எங்க ஊர்ல மட்டும்தான் இந்தப் பக்குவம். எமல்டாவுக்கு ரேஸுக்கு நடுவுல இனிப்பு ஏதாவது வேணும், இல்லாட்டி தலை சுத்தும். அவளுக்குன்னு வாங்கல. கடை வழியா வந்தேன், வாங்கினேன்.

போன மாசம் ஒரு ஒத்திகை ரேஸ் வச்சாங்க. கச்சான் காத்து. ஒங்க ஊர்ல என்ன சொல்லுவீங்களோ, மேற்க இருந்து வரும், ஊர் மேல ஏறி வாரதால ஒழுங்கா வராது. கொஞ்ச நேரம் செத்துக் கெடக்கும், திடீர்னு ஒரு அடி அடிக்கும். சரியான காத்து, நம்ம பதினாறுக்கு ஒண்ணக் காட்ட இதவிட நல்ல நாள் கெடைக்காதுன்னு போனேன். கரையில மொத்தக் கூட்டமும் நிக்கு. அவ ஸ்கூல் பிள்ளைங்க வேற வந்து நிக்குதுங்க.

காத்து கூடுச்சு. கயித்த இழுத்தேன். பூ மாதிரி வந்துச்சு சார். இழுக்க இழுக்க வந்துட்டே இருக்கு. வலைத்துணி பூரா கயிறு. காலடியில கயிறு, மடியில கயிறு, அவ நிக்க ஓரத்துல கயிறு. பாய் மட்டும் இன்னும் தட்டையாகல. கயிறு திடீர்னு நின்னுட்டு. பாய்மரத்தடியப் பாத்தா கப்பியும் கப்பியும் முட்டிக்கிட்டு நிக்கு. அங்க இருக்கதே ஒரு முழம் எடம். அதுல கப்பிக்கு மேல கப்பிய வச்சா, நடுவுல இழுபட எடமே இல்ல. இது கம்பெனிக்காரன் தப்பு. மரத்தடிய இன்னும் கொஞ்சம் உயரமா வச்சிருக்கணும்லா?

எமல்டா ஓரத்துல தொங்கிக்கிட்டே பாத்துட்டா. "ஏங்க, முட்டிக்கிச்சு. இனி வராது, விட்டுருங்க"ன்னு சத்தம் போடுதா. கயித்துக்கடைக்காரன்கிட்ட. நான், "வரும், நீ சும்மா இரு"ன்னேன். பாதத்த ஊனிட்டு ரெண்டு கையாலயும் இழுக்கேன். சுக்கான அக்குள்ல இடுக்கிக்கிட்டேன். பெரிய கயிறு பல்லுல கெடக்கு. அப்பத்தான் காத்து அடிச்சுது. அவ "பெரிய கயித்த விடுங்க! விடுங்க!"ன்னு கத்துதா. எப்படி விட? ஒரு கையில இந்தக் கயிறு, இன்னொரு கையிலயும் இந்தக் கயிறு, அக்குள்ல சுக்கான். எனக்கு மூணாவது கையா மொளைச்சிருக்கு? அவளுக்கு ரெண்டு கையும் சும்மா இருந்துச்சு சார், கேட்டுக்கிடுங்க. ரெண்டு கையும் சும்மா. வாயி மட்டும் வேலை செஞ்சுது. இத நான் எத்தனையோ பேர்கிட்டச் சொல்லிட்டேன், எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்காங்க.

கவுந்துச்சு. படகு பாய்மரத்தோட சாஞ்சு, பாய் தண்ணி மேல பாய் விரிச்ச மாதிரி படுத்துட்டு. நான் இந்தப் பக்கம் விழுந்து எந்திரிச்சேன். வாயில தண்ணி. சுத்திப் பாக்கேன், மஞ்சத் துணிதான் தெரியுது. அவளக் காணல.

அவளுக்கு நீச்சல் தெரியும்னு சொன்னேன்லா. ஜில்லா மெடல். ஆனா மேல வரல. எமல்டா, எமல்டான்னு கத்துதேன், கரையில பிள்ளைங்களும் மிஸ் மிஸ்ஸுன்னு கத்துதுங்க. பாய்க்கு அடியில முங்கினேன். அந்தக் கயிறு... நாம இழுத்துக் குமிச்சிருந்த கயிறு, அவ கணுக்கால்ல சுத்திக்கிட்டு, அவ இழுக்க இழுக்க இறுகுது. தண்ணிக்குள்ள அவ முகம் தெரிஞ்சுது. பயந்துட்டேன் சார். என் வாழ்க்கையில அப்படிப் பயந்ததில்ல. அம்மா செத்தப்பகூட இல்ல. இடுப்புல கத்தி இருந்துச்சு, கயித்துக்கடைக்காரனுக்குக் கத்தி இல்லாமலா, ஒரே இழுப்புல அறுத்தேன். மேல வந்துட்டா. இருமினா, இருமினா, படகுப் பக்கத்தப் பிடிச்சிட்டு இருமிட்டே இருந்தா.

நான் பக்கத்துல மிதக்கேன். ஏதாவது சொல்லணும்லா. கையில அறுந்த கயிறு இருக்கு. "நல்ல கயிறு, வீணாப் போச்சே"ன்னேன்.

அந்த நேரத்துல வாயில வேற என்ன வரும், நீங்களே சொல்லுங்க. நல்ல கயிறுதான அது? மனுசன் நடுங்கிட்டு இருக்கான், வாயில வந்தத சொல்லுதான். அவ என்னத் திரும்பிப் பாத்தா. திட்டியிருந்தா தேவல.

அதுல இருந்து வீட்டுல பேச்சு இல்லன்னு சொல்ல மாட்டேன். பேச்செல்லாம் இருக்கு. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு." "சிலிண்டர் தீந்துட்டு." "பூசைக்கு நேரமாச்சு." நல்ல தெளிவான பேச்சு. ரேடியோவுல செய்தி வாசிக்க மாதிரி.

அடுத்த ஞாயித்துக்கிழமை, கோயிலுக்குப் போயிட்டு வந்து, அவ பாட்டுக்கு இந்தக் கொட்டகையில உக்காந்தா. ஸ்பானர எடுத்தா. நான் போட்ட கப்பி ஒவ்வொண்ணாக் கழத்துனா. நான் பக்கத்துல நின்னு, "அத இப்படிக் கழத்தாத, கப்பியோட அச்சு ஊசி தெறிச்சு விழுந்துரும்"னு சொல்லிட்டே இருக்கேன். விழல. எல்லாத்தையும் ஒரு துணிப்பையில போட்டு என் கையில குடுத்தா. இந்தா இந்தப் பைதான். பழையபடி நாலுக்கு ஒண்ணு. அதுக்கு ஒரு புதுக் கயிறு வெட்டி, என் கடைக் கயிறுதான், ரெண்டு பக்கமும் சுத்தி வர மாதிரி மாட்டுனா. கீழ ஒரு எலாஸ்டிக் கயித்தக் கட்டி, இழுத்த கயிறு தானா உள்ள ஓடிப் போற மாதிரி பண்ணிட்டா. காலடியில ஒரு முழம்கூடக் கெடக்காது. பெரிய கயித்தையும் கம்பியில தொங்குதவங்க கைக்குக் குடுத்துட்டா. மாட்டி முடிச்சிட்டு ஓரத்துல நின்னு, பின்னால சாஞ்சு, கைய நீட்டிப் பாத்தா. எட்டுச்சு. மறு பக்கம் போயி நின்னு பாத்தா. அங்கயும் எட்டுச்சு. அப்பத்தான் எனக்கு ஸ்கூட்டர்ல ஏதோ சொன்னாளேன்னு ஞாபகம் வந்துச்சு. ஆனா சார், எட்டலன்னா எட்டலன்னு சத்தமாச் சொல்லணும்லா?

"இந்த வருசம் சுக்கான் நான் பிடிக்கேன். பியூலா வாரேன்னு சொல்லியிருக்கா"ன்னா.

"அப்போ நான்?"

"நீங்க கரையில நில்லுங்க."

கோவமாச் சொல்லல. ஸ்கூல்ல காய்ச்சல் வந்த பிள்ளையக் கிரவுண்டுக்கு வெளிய உக்கார வைப்பாள்லா, அந்த மாதிரி பொறுமையாச் சொன்னா. சரி, நிக்கேன்னேன். நிக்கேன். நல்லாத்தான் இருக்கு, கரையில ஒரு தொந்தரவும் இல்ல.

ஏய், ஏய், காத்து வருது பாருங்க. தண்ணி கருக்குது தெரியுதா, அந்தா, அவ பக்கம்தான் போகுது. இது பெரிசு. இழு, இழு... கீழ்க்கயித்த இழு எமல்டா... பெரிய கயித்த விடச் சொல்லு... தூக்குது, தூக்குது, ஒரு பக்கம் தண்ணிய விட்டு மேல வந்துட்டு. மாதாவே.

என்ன ஆச்சு? நான் பாக்கல சார், கண்ண மூடிட்டேன். மண்ணு விழுந்துட்டு. நிமிந்துட்டாளா? யாரு விட்டா? டீச்சரா? எமல்டா சொல்லாமலேயா? அதாவது, அந்தப் பொம்பள தானா, கைய நீட்டி, தானா விட்டுட்டா. ம்ம். கெமிஸ்ட்ரி.

சிரிக்காங்களா? ரெண்டு பேருமா? பைனாக்குலரக் குடுங்க. ... காத்துல வாய் கோணும் சார், தூரத்துல இருந்து பாத்தா சிரிப்பு மாதிரி தெரியும்.

இல்ல. சிரிக்கத்தான் செய்யுதா. பல்லு தெரியுது. எத்தனை வருசம் கூடப் போயிருக்கேன், படகுல அவ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. நானும் பின்னால இருந்து முதுகத்தான பாப்பேன். ஒருவேளை சிரிச்சிருப்பாளோ என்னமோ. அந்த மக்ரூன் பொட்டலத்த மூடி வைங்க, எறும்பு வரும்.

ஊதிட்டாரு மச்சாடோ அண்ணன். ரெண்டாவது. பரவால்ல, நாலுக்கு ஒண்ண வச்சிக்கிட்டு ரெண்டாவது. பதினாறுக்கு ஒண்ணு இருந்திருந்தா... சரி விடுங்க.

கரைக்கு வந்துட்டாங்க. பியூலா டீச்சர் எறங்கிட்டா. பட்டுச் சேலைப் பையத் தூக்கிட்டு ஓடுதா பாருங்க, நனைஞ்ச கோலத்துலயே பஸ் ஏறிருவா போல. எமல்டா தனியாப் படகப் பிடிச்சிட்டு நிக்கா. சுத்திமுத்திப் பாக்கா. யாரையோ தேடுதா. மச்சாடோ அண்ணன் மகனா இருக்கும், அவன் இன்னைக்குச் சும்மாத்தான் நிக்கான், நல்ல தாட்டியமான பையன், கம்பியில தொங்க ஏத்த ஆளு. அவனையே கூட்டிட்டுப் போகட்டும். எனக்குக் கடையில வேலை இருக்கு. நான் கெளம்பணும். கெளம்புதேன், இருங்க, இன்னும் கொஞ்ச நேரம் நிழல்ல நின்னுட்டு.

விசில் அடிக்கா. ஸ்கூல் விசில், கழுத்துலயே தொங்கும். பிள்ளைங்க வரிசையில வந்து நிக்கணும்னா ரெண்டு தடவை அடிப்பா. ரெண்டு தடவைதான அடிச்சா? நீங்களும் கேட்டீங்கள்லா? இங்கன பாத்துத்தான அடிச்சா? ஒங்களுக்குப் பின்னால யாரும் நிக்காங்களா? இல்லயே.

இங்க வாரா சார். சும்மா இருங்க, ஒண்ணும் சொல்லாதீங்க.

என்ன எமல்டா? ஒண்ணுமில்ல, சார் மதுரைக்காரரு, சும்மா பேசிட்டு இருந்தோம். காத்தப் பத்தி. ... ஆமா, பாத்தேன், நல்லாத்தான் போனீங்க. கடைசித் திருப்பத்துல கொஞ்சம்... இல்ல, நல்லாருந்துச்சு. நல்லாருந்துச்சுன்னுதான சொல்லுதேன். இந்தா, மக்ரூன். கடை வழியா வந்தேன். ... இந்தப் பட்டையா? காயட்டும்னு போட்டிருக்கேன். ... விடிஞ்சதுல இருந்தா? யாரு சொன்னா? மச்சாடோ அண்ணனா? அவருக்கு வேற வேலை இல்ல.

நானா? மூணாவதுக்கா? ... கடையில வேலை இருக்கு. இருக்கு, ஆனா அப்புறமாக்கூடப் பாத்துக்கலாம். ... சரி. ... சுக்கானத் தொடல. ... சரி, நீ சொல்லும்போது இழுக்கேன். ... சரி, நீ சொல்லாட்டியும் காத்து அடிச்சா விடுதேன். எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டேன்லா, பிள்ளைங்ககிட்டச் சத்தியம் வாங்குத மாதிரி வாங்குதியே. ... பைய இங்கயே வைக்கணுமா? சரி, சார்கிட்ட இருக்கட்டும்.

பாக்கெட்டா? பாக்கெட்டுல ஒண்ணுமில்ல. சாவி. ... ஏட்டி, சாவின்னு சொல்லுதேன்லா. ... சின்னக் கப்பி, இது ஒண்ணே ஒண்ணுதான், எட்டுக்கு ஒண்ணா ஆக்கலாம்னு... அவசரத்துக்கு உதவும்னு... சரி. சரி. இந்தா, இதையும் சார்கிட்ட இருக்க பையிலயே போட்டுட்டேன், பாத்துக்கோ. முறைக்காத. ... சிரிக்கியா? எதுக்குச் சிரிக்க?

நீ முன்னால போ. இந்தா வாரேன்.

பாத்தீங்களா சார், கூப்பிட்டுட்டா. ஆள் கெடைக்கல, பாவம், வேற வழியில்ல அவளுக்கு. பையப் பத்திரமா வச்சிக்கிடுங்க, கப்பி எல்லாம் வெளிநாட்டுச் சாமான். அவ கேட்டா குடுங்க, நான் கேட்டா குடுக்காதீங்க. சொல்லிட்டேன். ஒரு ஒத்தாசை. முதுகுல இந்தப் பட்டைய இறுக்கி விடுங்க. விடிஞ்சதுல இருந்து தொளதொளன்னு கெடக்கு, நானா இழுத்தா எட்ட மாட்டேங்குது. இன்னும் இறுக்குங்க. போதும், போதும்.

லேசாக் குளுருது சார். இந்த வெயில்லயும் குளுரும், கடல் காத்து அப்படி. கம்பியில நான் தொங்கப் போறேன், சுக்கான் அவ கையில. விடுன்னா விடணும், அவ்வளவுதான? இது என்ன பெரிய வித்தையா.